சபைக்குப் போன நாளுக்கு யார் பேர் போடுவது?

ஆள் எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு வராத நாட்சம்பளக்காரருக்குத் தேயிலைத் தோட்டத்தில் அன்று பேர் விழாது. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் இல்லையென்றால் கூலியும் இல்லை. காய்ச்சலில் லயத்துக் காம்பிராவில் சுருண்டு கிடந்தவருக்கும் இதுதான் நியாயம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனவருக்கும் இதுதான் நியாயம். மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்து, பிரதேச சபையின் மாதாந்த அமர்வுக்குப் போய் வந்த தொழிலாளிக்கும் அதே நியாயம்தான்.

நுவரெலியா மாவட்டத்தில் இன்று 12 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை ஆகிய இரண்டு நகர சபைகள், மற்றவை பிரதேச சபைகள். 2018 தேர்தலுக்கு முன் பிரதேச சபைகள் ஐந்துதான். நுவரெலியா பிரதேச சபையைப் பிரித்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும், அம்பகமுவவைப் பிரித்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் உருவாக்கப்பட்டன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஒரே சபை என்றிருந்த அநியாயத்துக்கு அது தாமதமாக வந்த பரிகாரம். அதுவரை மஸ்கெலியா மலையில் இருந்த உறுப்பினர் ஒரு கூட்டத்துக்காகக் கினிகத்தேனை வரை பஸ் ஏற வேண்டியிருந்தது. சபை பக்கத்தில் வந்ததும் பஸ் காசு மிச்சமானது. இழந்த நாட்கூலி மட்டும் இன்னும் இழந்ததாகவே நிற்கிறது.

உள்ளூராட்சி உறுப்பினர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி கொழும்பில் எழும்போது அது பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், ஆளுக்கு மாதம் இவ்வளவு, ஆண்டுக்கு இத்தனை கோடி என்று பெருக்கிப் பார்த்து, இது நாட்டுக்குத் தேவையா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. மலையகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு லயத்துப் பெண் தன் சபையில் தானே உட்கார முடியுமா, அல்லது அவளுக்காக எப்போதும் வேறொருவர்தான் உட்கார வேண்டுமா என்பதை அந்தச் சிறு தொகைதான் தீர்மானிக்கிறது.

தொகை எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். இலங்கையில் உள்ளூராட்சி உறுப்பினருக்குக் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. மாதாந்தக் கொடுப்பனவு என்றுதான் சொல்வார்கள். சபை அதைத் தானே நிர்ணயித்துக்கொள்ள முடியாது. அமைச்சின் சுற்றறிக்கையில் நாடு முழுவதற்கும் ஒன்றாக வரும். 2018இல் தெரிவான சபைகளில் பிரதேச சபை உறுப்பினருக்கு மாதம் 15,000 ரூபாய், தவிசாளருக்கு 25,000, மாநகர முதல்வருக்கு 30,000 என்று இருந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் அடிப்படைக் கொடுப்பனவு 54,285 ரூபாய். அதற்கு மேல் அமர்வுக் கொடுப்பனவும் மற்றச் சலுகைகளும் உண்டு.

அந்த 15,000 ரூபாயைக் கொழுந்துக் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை விளங்கும். 2018இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். வரவுக்கொடுப்பனவு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30 என்று எல்லாம் சேர்ந்தால்தான் 730. ஆக உறுப்பினரின் மாதக் கொடுப்பனவு முப்பது நாள் அடிப்படைக் கூலிக்குச் சமமாக இருந்தது. 2021இல் சம்பளச் சபை வழியாக ஆயிரம் ரூபாய் வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350ஆகவும், ஊக்கத்தொகை 350ஆகவும் ஆனது. 1,350 என்ற கூலியில் 15,000 ரூபாய் என்பது பதினொரு நாள் உழைப்பு. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட 1,550 ரூபாயை வைத்துப் பார்த்தால் பத்து நாளுக்கும் குறைவு. கூலி உயர்ந்தது நல்ல செய்தி. தோட்டத் தொழிலாளி கேட்டதற்கு அது இன்னும் போதாது என்பது வேறு விஷயம். ஆனால் கொடுப்பனவு நின்ற இடத்திலேயே நிற்க, கூலி ஏற ஏற, சபைக்குப் போவதால் தொழிலாளிக்கு வரும் நட்டமும் ஏறிக்கொண்டே போகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறத்தாழ 70 வீதம் ஏறிய கொடுமையான காலமும் இந்த இடைவெளியில்தான் கடந்து போனது.

மாதம் ஒரு நாள்தானே கூட்டம், ஒரு நாள் கூலி போனால் என்ன என்று கேட்பவர் தோட்டத்தைக் கண்டிருக்க மாட்டார். வட்டாரத்தில் தெரு விளக்கு எரியவில்லை என்றால் உறுப்பினரின் காம்பிராக் கதவுதான் தட்டப்படும். மழைக்கு மண் சரிந்து படிக்கட்டு போனால், கான் அடைத்து லயத்துக்குள் தண்ணீர் வந்தால், சுடுகாட்டுக்குப் போகும் பாதை உடைந்தால் அவர்தான் சபை அலுவலகத்துக்கும் தோட்டத்துத் துரையின் ஒபீசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடக்க வேண்டும். அந்த அலுவலகங்கள் எல்லாம் வேலை நாளில்தான் திறந்திருக்கும். கொழுந்து மலையும் வேலை நாளில்தான். குழுக் கூட்டம், வரவு செலவுத் திட்டக் கூட்டம், பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டம் எல்லாம் சேர்த்து ஒருவர் மாதம் எட்டு நாள் பேரை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,350 வீதம் 10,800 ரூபாய். பன்னிரண்டு நாள் என்றால் 16,200. கொடுப்பனவை அது விழுங்கிவிடும். கூடவே அந்த நாட்களுக்குரிய ஊழியர் சேமலாப நிதியில் நிர்வாகம் போட வேண்டிய 12 வீதமும், நம்பிக்கை நிதியின் 3 வீதமும் போய்விடும். நான்கு ஆண்டுப் பதவிக்காலம் முடிந்து மீண்டும் மலைக்கு ஏறும்போது அந்த ஓட்டை அவருடைய முதுமைக்காலப் பணத்தில் தெரியும்.

ஆகவே இதுவரை யார் சபைக்குப் போக முடிந்தது? கூலியை நம்பாதவர்கள். டவுனில் கடை வைத்திருப்பவர், வான் ஓட்டுபவர், கொந்தராத்து எடுப்பவர், தொழிற்சங்கத்தில் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர். இவர்களில் மக்களுக்காக உண்மையாகவே உழைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல இது இடமில்லை. ஆனால் தோட்டத்தில் பெரும்பான்மை கைக்காசு இல்லாத உழைப்பாளிகள் என்றிருக்க, சபையில் அவர்கள் அபூர்வமாகவே தென்படுவது தற்செயலாக நடந்த காரியமல்ல.

இந்த மக்களுக்கும் உள்ளூராட்சிக்கும் இடையிலான பிணக்கு பழையது. 1937இல் கிராமச் சங்கங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லாமல் செய்தார்கள். தோட்டம் என்பது துரையின் ஆட்சி, அங்கே கிராமத்துக்கு வேலை இல்லை என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அதன் பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. 1947இல் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டது. நாடற்றவர் என்ற பெயர் முழுதாக நீங்க 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரதேச சபைகளுக்கான முதல் தேர்தல் நடந்த 1991இல்கூட, தன் தோட்டத்துப் பாதைக்காக வாக்குப் போட வழியில்லாதவர்கள் மலையில் இருந்தார்கள்.

தலைமை எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன கோ. நடேசய்யர் பத்திரிகையாளர். தமிழ் நாட்டிலிருந்து வந்து, பத்திரிகை நடத்தி, தோட்டத்துக்குள் துரைமார் விடாத காலத்தில் உள்ளே நுழைந்து சங்கம் கட்டியவர். 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போன சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை றம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்தைச் சொந்தமாக வாங்கியவர். ஒருவருக்குப் பேனா இருந்தது, மற்றவருக்கு நிலம் இருந்தது. இருவருமே பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் அல்ல. அவர்கள் அந்த வசதியை மக்களுக்காகச் செலவிட்டார்கள் என்பது வரலாறு மதிக்கும் விஷயம். அவர்களுக்குப் பின்னால் சங்கம் பெருத்தது. சந்தாப் பணம் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டு சங்கத்துக்குப் போனது. அந்தப் பணத்தில் மாவட்டப் பிரதிநிதிகளும் காரியாலய உத்தியோகத்தர்களும் வளர்ந்தார்கள். அவர்களே சபைகளுக்கும் போனார்கள். அரசு கொடுக்காத சம்பளத்தைத் தொழிலாளி தன் சந்தாவின் மூலம் கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான் நடந்தது. அங்கே 1838இலேயே சாசனவாதிகள் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் இயக்கத்தினர் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று பாராளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பது. வக்கீலும் நிலக்கிழாரும் சம்பளமில்லாமல் இருக்கலாம், நெசவாளி இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எழுபது ஆண்டுகள் யாரும் காது கொடுக்கவில்லை. தொழிற்கட்சி பிறந்தபோது சங்கங்கள் தங்கள் நிதியிலிருந்து ஆண்டுக்கு 200 பவுண் கொடுத்துத் தங்கள் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்தில் வைத்திருந்தன. ரயில்வேத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு கிளைச் செயலாளராக இருந்த ஒஸ்போன் என்பவர், தன் சந்தா தனக்குப் பிடிக்காத அரசியலுக்குப் போகக்கூடாது என்று வழக்குப் போட்டார். 1909 டிசம்பரில் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கப் பணம் நின்றது. தொழிலாளி உறுப்பினர்கள் திணறிப்போனார்கள். அந்த நெருக்கடியின் விளைவாகத்தான் 1911இல், லொயிட் ஜோர்ஜ் நிதி அமைச்சராக இருந்தபோது, எல்லா உறுப்பினர்களுக்கும் ஆண்டுக்கு 400 பவுண் அரசுச் சம்பளம் வந்தது.

அந்த வழக்கு கற்பிக்கும் பாடம் மலையகத்துக்கு நேராகப் பொருந்துகிறது. பிரதிநிதிக்கு யாரோ ஒருவர் படியளக்கத்தான் போகிறார். பொதுப்பணம் கொடுக்காவிட்டால் சங்கம் கொடுக்கும். சங்கமும் கொடுக்காவிட்டால் கட்சி கொடுக்கும். கட்சியும் கைவிட்டால் கொந்தராத்துக்காரர் கொடுப்பார். படியளந்தவருக்குத்தான் அவர் பதில் சொல்வார். சங்கத்தின் சம்பளத்தில் இருக்கும் உறுப்பினர் சங்கத் தலைமை கண் காட்டும் பக்கம் கை தூக்குவதில் வியப்பில்லை. மக்கள் விடுதலை முன்னணியில் உறுப்பினர்கள் தங்கள் பதவிச் சம்பளத்தைக் கட்சி நிதியில் போட்டுவிட்டுக் கட்சி கொடுப்பதை வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒழுக்கத்துக்கு அது நல்ல ஏற்பாடு என்று சிலர் பாராட்டுகிறார்கள். ஆனால் மக்கள் கொடுத்த பணம் கட்சியின் கை வழியாக உறுப்பினருக்கு வரும்போது, அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி அங்கேயும் எழாமல் இல்லை. சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் சம்பளத்துக்காகச் செய்துவந்த கூட்டு ஒப்பந்தம் 2021இல் முறிந்த பிறகு மலையகச் சங்கங்களின் சந்தா வரத்தும் முன்போல் இல்லை. அந்தப் பழைய ஊற்று வற்றத் தொடங்கிய காலத்திலேயே பொதுக் கொடுப்பனவின் மதிப்பும் கரைந்தது.

எதிர்த்தரப்பு வாதங்களும் இலேசானவை அல்ல. முதலாவது, தொண்டு என்ற எண்ணம். தோட்டத்தில் கோயில் தலைவர் காசு வாங்குவதில்லை. மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் காசு வாங்குவதில்லை. திருவிழா நாட்களில் இரவு இரவாக வேலை செய்கிற இளைஞர்கள் யாரும் கூலி கேட்பதில்லை. சபை வேலைக்கு மட்டும் ஏன் காசு? இதைக் கேட்பவர்களின் மனம் நல்ல மனம். ஆனால் திருவிழா வேலை நடப்பது மலை இறங்கிய பிறகு. சபை நடப்பது பகலில். கோயிலுக்கு உழைப்பவர் தன் ஓய்வைக் கொடுக்கிறார். சபைக்குப் போகும் தொழிலாளி அன்றைய சோற்றுக் காசையும் சேர்த்துக் கொடுக்கிறார். அப்படியானால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமே, மாலையில் வைக்கலாமே என்று ஒரு யோசனை உண்டு. கவனித்துப் பார்க்க வேண்டிய யோசனை. ஞாயிறு நடத்தினால் கூட்டத்துக்கான நாள் மிச்சமாகும், ஆனால் அலுவலகங்களுக்கு அலையும் நாட்கள் அப்படியே இருக்கும். மாலைக் கூட்டம் முடிந்து இருட்டில் டிவிசனுக்குத் திரும்ப பஸ் கிடைக்காது. பனியும் மழையும் கொட்டும் மாதத்தில், ஒரு பெண் உறுப்பினர் தேயிலைக் காட்டு ஒற்றையடிப் பாதையில் தனியே நடந்து வர வேண்டும் என்று சட்டம் போடுவதற்கு ஒப்பாகும் அது.

இரண்டாவது வாதம் செலவு. 2018இல் கலப்புத் தேர்தல் முறை வந்தபோது நாடு முழுவதும் சுமார் 4,500ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டியது. எட்டாயிரம் பேருக்கு மாதம் 15,000 என்றாலே ஆண்டுக்கு 144 கோடி ரூபாய். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு, இந்த எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும் என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சொன்னார். மஹிந்த தேசப்பிரிய தலைமையில் எல்லை நிர்ணயக் குழுவும் அமைக்கப்பட்டது. உறுப்பினர் தொகை அளவுக்கு மிஞ்சியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தொகையைக் குறைப்பது வேறு, கொடுப்பனவைக் கரைய விடுவது வேறு. குறைந்த உறுப்பினர்களுக்குப் போதுமான கொடுப்பனவு என்பது ஒரு வழி. நிறைய உறுப்பினர்களுக்குப் போதாத கொடுப்பனவு என்பதுதான் இப்போது இருப்பது. அதில் செலவும் மிச்சமில்லை, ஏழைக்கும் இடமில்லை. எண்ணிக்கையைக் குறைக்கும்போது தோட்ட வட்டாரங்கள் கிராம வட்டாரங்களோடு கரைக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சமும் மலையகக் கட்சிகளுக்கு உண்டு. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதில் பலமுறை அடிபட்டவர்களின் அச்சம் அது.

மூன்றாவது வாதம், காசு கொடுத்தால் காசுக்காகவே வருவார்கள் என்பது. இதற்குத் தமிழ்நாட்டின் அனுபவம் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. அங்கே மாநகராட்சி உறுப்பினர்களுக்கு நெடுங்காலம் மாதச் சம்பளமே கிடையாது. சென்னை மாநகராட்சியில்கூட அமர்வுப்படியாக 800 ரூபாய்தான். கவுன்சிலர் வேலைக்கு வருவாய் இல்லை, ஆனாலும் அந்தப் பதவிக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யப் போட்டி. அந்தச் செலவை எப்படித் திருப்பி எடுக்கிறார்கள் என்பது வீடு கட்டுகிறவர்கள் வாயில் அடிபடும் பேச்சு. 2023 ஜூலையில் மு.க. ஸ்டாலின் அரசு முதல் முறையாக மாத மதிப்பூதியம் அறிவித்தது. மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. பத்தாயிரம் ரூபாயால் சென்னையில் ஊழல் ஒழிந்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சம்பளம் இல்லாததால் ஊழல் வராமல் இருந்துவிடவில்லை என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. காசுக்காக வருகிறவருக்குக் கொடுப்பனவு ஒரு பொருட்டே அல்ல. அது பொருட்டாக இருப்பது நாட்கூலிக்காரருக்குத்தான்.

பொதுக் காரியத்துக்கு வருபவருக்குப் படி கொடுப்பதா என்ற வாதம் மிகப் பழையது. ஏதென்ஸ் நகரத்தில் பெரிக்கிளிஸ், மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்த குடிமக்களுக்கு நாட்படி கொடுத்தது கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில். பணக்காரர்கள் அன்றும் அதைக் குறை சொன்னார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலமோ மறுபக்கம் நிற்கிறது: அங்கே சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் 200 டொலர் என்று 1889இல் எழுதியது இன்றும் மாறவில்லை.

பெண்களின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 தேர்தலில் முதல் முறையாக உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சியில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை. மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சங்கங்களுக்குச் சந்தா கட்டியவர்களில் பெரும்பான்மையும் அவர்களே. தலைமையில் அவர்களுக்கு மாதர் சங்கத் தலைவி என்ற இடத்துக்கு மேல் அதிகம் கிடைத்ததில்லை. ஒதுக்கீடு கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே நுழையும் பெண்ணுக்கு விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு, ஏழு மணிக்குப் பெரட்டு, மாலை நிறுவை முடிந்து மறுபடியும் அடுப்பு. கைக்குழந்தையை வேலை நாளில் பிள்ளைக் காம்பிராவில் விடலாம். மாலையில் நீளும் கூட்டத்துக்கு யாரிடம் விடுவது? இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களில் பல, உறுப்பினர் கூட்டத்தில் இருக்கும் நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைத் தனியாகத் திருப்பிக் கொடுக்கின்றன. கொடுப்பனவு எவ்வளவு என்பதையும் அங்கே சபை தானே முடிவு செய்துவிடுவதில்லை. வெளியாட்கள் அடங்கிய சுயாதீனக் குழுவின் பரிந்துரையைப் பார்த்த பிறகே முடிவெடுக்கும். நமது சுற்றறிக்கையில் இப்படி ஒரு வரி எழுதுவதற்குக் கோடிகள் தேவையில்லை.

உறுப்பினரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அந்த மாதம் 9ஆம் தேதி நடக்கவிருந்த தேர்தல், திறைசேரி பணம் கொடுக்காததால் நின்றது. தேர்தலுக்குத் தேவைப்பட்ட தொகை சுமார் ஆயிரம் கோடி ரூபாய். வேட்பாளர்களாக நின்ற சுமார் 3,000 அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் போனவர்கள். தேர்தலும் இல்லாமல் வேலையும் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். மக்களுக்காக நிற்பதற்கு ஒருவர் தன் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் தேதிதான் வாக்குப் பதிவு நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சபைகளை அதிகாரிகள் நடத்தினார்கள். கொடுப்பனவுச் செலவு மிச்சம். ஆனால் விளக்கு எரியவில்லை என்று எந்தக் கதவைத் தட்டுவது என்று லயத்து மக்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சபை தோட்டத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக முப்பது ஆண்டுகள் நின்றது. தோட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி அறவிட மட்டும் சபைக்கு அதிகாரம் உண்டு. தோட்ட மக்கள் வாக்கால் வந்த உறுப்பினர், தன் லயத்துக்கு முன்னால் ஒரு பைப் போடவும் சபைப் பணத்தைத் தொட முடியாமல் கை கட்டி நின்றார். 2018 செப்டெம்பரில் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. மலையகப் பிரதிநிதிகள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற வெற்றி அது. நிலம் இன்னும் 1992இல் குத்தகைக்கு எடுத்த கம்பனிகளின் கையில்தான் இருக்கிறது என்பதால், ஒரு மதகு கட்டவும் தோட்ட நிர்வாகத்தோடு பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுக்குத் துரையின் ஒபீசுக்குள் நுழைபவர், அதே துரையின் செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளியாக இருந்தால் எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். விடுமுறை கேட்பதும் அவரிடமே, மதகு கேட்பதும் அவரிடமே. தடை இருந்த காலத்தில், ஒன்றும் செய்ய முடியாத சபைக்கு எதற்குக் காசு என்று கேட்க ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. தனியார் துறையிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் உறுப்பினருக்கு, சபை அமர்வுக்கும் குழுக் கூட்டத்துக்கும் போன நாளில் பேர் விழும்படி சட்டம் சொல்ல வேண்டும். அந்தக் கூலியை நிர்வாகத்துக்குச் சபையோ மாகாண சபையோ திருப்பிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் சேமலாப நிதியும் அறுபடாது, கடைக்காரருக்கு வீணாகக் கூடுதல் பணமும் போகாது. மாதக் கொடுப்பனவைச் சம்பளச் சபை நிர்ணயிக்கும் நாட்கூலியோடு கட்டிவிட வேண்டும். 2018இல் இருந்ததுபோல முப்பது நாள் அடிப்படைக் கூலி என்பது நல்ல அளவு. 1,350 வீதம் அது 40,500 ரூபாயாகும். இன்றைய எட்டாயிரம் பேருக்கு அதைக் கொடுப்பது திறைசேரிக்குப் பாரம் என்றால், பாதித் தொகையை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, மீதியைக் கூட்டத்துக்கு வந்த நாட்கணக்கில் கொடுக்கலாம். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு போனது என்பதை மாதாமாதம் சபைக் கட்டடத்தின் அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். இதற்கு ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.

மாகாண சபைகள் கலைந்து கிடக்கும் இந்தக் காலத்தில், தோட்ட மக்களுக்கும் அரசுக்கும் இடையில் மக்கள் தெரிவு செய்த நெருங்கிய ஆள் பிரதேச சபை உறுப்பினர்தான். எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனை விரைவில் மறுபடியும் மேசைக்கு வரும். அப்போது மலையகக் கட்சிகள் வட்டார எல்லைகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், கொடுப்பனவையும் பேர் விழும் நாளையும் அதே மேசையில் வைக்க வேண்டும். தங்கள் பட்டியலில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பெயர்களை எழுதும் எல்லாக் கட்சிகளும், சபைக்குப் போகிற நாளில் அவர்கள் வீட்டு உலை எதைக்கொண்டு கொதிக்கும் என்ற கேள்விக்கு வேட்புமனு தாக்கல் செய்யும் முன்பே பதில் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவை.